பெனுவா மேஸ்திரி சாவில் தானாக விழுந்த படம்

இக்னேஷியஸ் எதையும் லேசில் நம்புகிறவர் அல்ல. பால்காரன் ஊற்றிய பாலைக் குவளையோடு சாய்த்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே கொண்டுபோவார். பஸ்ஸில் பக்கத்து ஆள் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தால் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். பாவசங்கீர்த்தனக் கூண்டில் முழங்காலிட்டு இருக்கும்போதுகூட, திரைக்கு அந்தப் பக்கம் இருப்பது பங்குச் சாமியார்தானா என்று ஒருமுறை இருமிப் பார்ப்பாராம். வில்லியனூருக்கு மேற்கே உள்ள அந்தக் கோயில் கிராமத்தில் அவருக்குச் சந்தேகத் தோமையார் என்று பேர். அப்போஸ்தலர் பெயர்தானே என்று அவர் கோபித்துக்கொள்வதில்லை. ஆனால் சொன்னவன் எந்த எண்ணத்தில் சொன்னான் என்று வீடு போய்ச் சேரும்வரை யோசித்துக்கொண்டே போவார்.

உத்தியோகமும் அவருக்கு ஏற்றதாகத்தான் வாய்த்தது. சேதராப்பட்டுப் பக்கம் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி. வேலை முடிந்து வெளியே போகிறவர்களின் பையைத் திறந்து பார்க்க வேண்டும். மற்ற செக்யூரிட்டிகள் பையைத் தடவிவிட்டு அனுப்புவார்கள். இவர் டிபன் டப்பாவைத் திறந்து, மிச்சமிருக்கும் சோற்றையும் ஒரு பார்வை பார்ப்பார். பிறவிக் குணத்துக்குச் சம்பளமும் கொடுத்தால் கேட்கவா வேண்டும்! “கல்யாணம் ஆயி எம்மாங்காலம் ஆவுது, இன்னும் சட்னில இன்னா போட்டன்னு கேட்டுட்டுத்தான் துன்றாரு இந்த மனுசன்” என்று அவர் மனைவி மரிய சுகந்தி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவள் எதற்குச் சிரிக்கிறாள் என்பதிலும் அவருக்கு ஒரு சந்தேகம் உண்டு.

இப்படிப்பட்டவர் கையில் ஒரு கேமரா இருந்தது. சட்டைப் பையில் போட்டால் தெரியாத சின்ன டிஜிட்டல் கேமரா, வெள்ளி நிறம். அக்கா மகன் கிளாட்சன் பிரான்சிலிருந்து லீவுக்கு வந்தபோது, “நா போன்லயே எடுத்துக்கறேன் மாமா, நீங்க வெச்சிக்கங்க” என்று கொடுத்துவிட்டுப் போனது. நல்ல பொருளை எவனாவது சும்மா கொடுப்பானா? ஏதோ கோளாறு இருக்கிறது என்று அப்போதே முடிவு கட்டிவிட்டார். கோளாறு பெரிதாக ஒன்றும் இல்லை. அதன் எழுத்தெல்லாம் பிரெஞ்சில் இருந்தது. மாற்றிக்கொள்ளலாம் என்று வில்லியனூர் செல்போன் கடை மணிவண்ணன் சொன்னான். எதையாவது மாற்றப் போய் வேறு எதையாவது அவன் கழற்றிக்கொண்டால்? வேண்டாம் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். பிரெஞ்சு ஒரு எழுத்து தெரியாமல், படங்களையும் பொத்தான்களையும் மட்டும் வைத்துக்கொண்டு அதை ஓட்டப் பழகினார்.

அதைச் செய்தவனுக்கு மனிதக் கையின் அளவு தெரியாது என்பது அவர் கட்சி. விரல் வைக்க இடமே கிடையாது. எங்கே பிடித்தாலும் ஒரு பொத்தான். வியர்த்த கையில் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும். அதற்காக சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி முன்பக்கம் ஒட்டியிருந்தார். பேட்டரி மூடி நிற்காது, ரப்பர் பேண்டு. பிளாஷ் வெளிச்சம் முகத்தில் பளீரென்று அடிக்கும், அதன்மேல் பழைய வேட்டித் துணி ஒரு துண்டு. எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை அதன் தலைமேல் இருந்த சக்கரம். ஒரு பூ, ஒரு மலை, ஓடுகிற ஆள், நிலா, பல்லைக் காட்டுகிற மூஞ்சி என்று அதில் வரிசையாகப் படங்கள். எந்தப் படத்துக்குத் திருப்புகிறோமோ அதற்கேற்றபடி கேமரா நடந்துகொள்ளும். பையிலிருந்து எடுக்கும்போது துணி பட்டாலே அது திரும்பிவிடும். “அந்தப் பல்லு மூஞ்சிக்கு மட்டும் போவாதண்ணே. அதுல வெச்சா நீ அமுக்கவே வாணாம். எதிர்ல யாராச்சும் சிரிச்சா அதுவா எடுத்துரும்” என்று மணிவண்ணன் சொல்லியிருந்தான். அன்றே சக்கரத்தை, அமுக்கினால் மட்டும் எடுக்கிற பச்சைக் கட்டத்தில் நிறுத்தி, மேலே ஒரு பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிட்டார்.

அவர் வேலைக்குச் சிரிப்பு தேவையும் இல்லை. ஏனென்றால் அது சாவு கேமரா.

அந்தப் பக்கத்தில் ஒரு பழக்கம். பெட்டியை மூடுவதற்கு முன்னால் தலைமாட்டை பெஞ்சு வைத்துத் தூக்கி, செத்தவர் முகம் தெரியும்படி சாய்த்து, குடும்பம் முழுவதும் சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அந்தப் படத்தைப் போனில் எடுக்க மாட்டார்கள். ராத்திரி தலைமாட்டில் வைத்துப் படுக்கிற போன், பிள்ளை விளையாடுகிற போன். அதற்குள் பிணம் இருந்தால் வீடு விளங்குமா? எப்போதோ ஒரு மழைநாள் சாவுக்கு ஸ்டூடியோக்காரர் வராமல் போக, இக்னேஷியஸ் போய் எடுத்துக் கொடுத்தார். அதோடு சரி. சுத்துக்கேணி வரைக்கும் எந்த வேதக்காரர் வீட்டில் துக்கமென்றாலும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். ஆசையாக ஒரு ஞானஸ்நான வீட்டுக்கு அதை எடுத்துக்கொண்டு போனார் பாருங்கள், அந்த வீட்டுக்காரி வாசலிலேயே மறித்துவிட்டாள். “அத்த எதுக்குத் தூக்கினு வந்த? பச்சப்புள்ள இருக்குற வூடு!” அதற்குப் பிறகு கல்யாணமோ காதுகுத்தோ, அவர் கை வீசிக்கொண்டுதான் போவார்.

படம் எடுப்பதிலும் அவர் பாணி தனி. பொத்தானைப் பாதி அமுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். திரையில் முகங்களின்மேல் சின்னச் சின்னக் கட்டம் விழும். ஒவ்வொரு கட்டமாகப் பார்ப்பார். யார் உண்மையாக அழுகிறார்கள், யார் கண்ணில் தண்ணீர் இல்லாமல் முந்தானையைப் பிழிகிறார்கள், யார் பீரோ பக்கம் பார்க்கிறார்கள், எல்லாம் அந்தப் பாதி அமுக்கலில் அவருக்குத் தெரிந்துவிடும். பிறகுதான் மீதியை அமுக்குவார். மனிதர்களோடு பழகுவதும் அப்படியே. பாதி அமுக்கிப் பார்ப்பார். மீதியை அமுக்குவது அபூர்வம்.

பெனுவா மேஸ்திரி செத்த அன்று வெயில் கொளுத்தியது. மேஸ்திரி பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். பக்கவாதம் வந்து ஒரு கை ஒரு கால் விழுந்து, நாலைந்து வருஷமாகப் படுக்கை. மகன் அருண் சேவியர் ஷிப்டு வேலைக்குப் போய்விடுவான். அவன் மனைவி ஆனி மேரிதான் எல்லாம்: குளிப்பாட்டுவது, கஞ்சி புகட்டுவது, மூத்திரத் துணி அலசுவது. மடுகரைக்காரி. அதிகம் பேச மாட்டாள். அதிகம் பேசாதவர்களிடம் இக்னேஷியஸுக்கு எப்போதுமே ஒரு கண் உண்டு. மேஸ்திரியின் மூத்த மகள் லூசி பாண்டி டவுனில் கட்டிக் கொடுத்தவள். தினமும் போன் பண்ணுவாள், பண்டிகைக்கு வருவாள், வந்ததும் தலையணையை முகர்ந்து பார்ப்பாள்.

காலையில் கஞ்சி குடித்த மேஸ்திரி அப்படியே சாய்ந்துவிட்டார். சொல்லியனுப்பிய கொஞ்ச நேரத்துக்கெல்லாம் லூசி ஆட்டோவில் வந்து இறங்கி மாரடித்துக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவிலேயே விசாரணையும் ஆரம்பித்தது. “நேத்து சாயங்காலம் கூட என்னாண்ட நல்லாத்தானே பேசினாரு? கஞ்சில இன்னா ஊத்தின? மாத்திரை எங்க? யாரு குடுத்தது?” ஆனி மேரி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். பதில் தயாராக இருந்தது இக்னேஷியஸின் காதில் விழுந்தது. அவர் பக்கத்து வீட்டுக்காரர், தூரத்து முறையில் மேஸ்திரிக்குத் தம்பி. அப்போது வாசலில் சாமியானாக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். உண்மையை யோசித்துத்தான் சொல்ல வேண்டுமா என்ன, உண்மையானவர்களுக்கும் பதில் உடனே வரும்தான். ஆனாலும் அவர் மனம் அதைக் குறித்து வைத்துக்கொண்டது.

குளிப்பாட்டி, வெள்ளைச் சட்டை போட்டு, கையில் செபமாலை சுற்றினார்கள். வாயைக் கட்டத் துணி எடுத்தபோது லூசி தடுத்தாள். அலமாரியைத் துழாவி அப்பாவின் பல்செட்டைக் கொண்டு வந்தாள். “பல்லு இல்லாம எங்கப்பாவ எவனும் பாக்கக் கூடாது. ராஜா மாதிரி இருந்தவரு.”

“வேணாம் அண்ணி” என்றாள் ஆனி மேரி. “அது மாமாவுக்குச் சேராது.”

“எங்கப்பாவுக்கு இன்னா சேரும் சேராதுன்னு நீ எனக்குச் சொல்றியா?” என்று லூசி சீறினாள். பல்செட்டை அவளே பொருத்தினாள், துணியால் தாடையைக் கட்டினாள்.

சாமியார் வருகிற நேரம் நெருங்கியது. அவருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் அவசரப்படுத்த, பெட்டியின் தலைமாட்டை பெஞ்சின்மேல் ஏற்றினார்கள். படத்துக்காகத் தாடைத் துணியை அவிழ்த்தார்கள். லூசி ஒரு பக்கம், அருண் சேவியரும் ஆனி மேரியும் மறுபக்கம், பின்னால் சொந்தபந்தம். இக்னேஷியஸ் பையிலிருந்து கேமராவை உருவினார். காலையிலிருந்து கயிறு கட்டி, நாற்காலி தூக்கி உடம்பெல்லாம் ஒரே வியர்வை. பிளாஸ்திரி சட்டைப் பையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டதை அவர் கவனிக்கவில்லை.

கேமராவைத் தூக்கிப் பிடித்தார். பொத்தானில் இன்னும் விரலே வைக்கவில்லை. பளிச்!

கை பட்டிருக்கும் என்று நினைத்தார். திரையைப் பார்த்தார். மூலையில் மஞ்சளாக ஒரு பல்லு மூஞ்சி. சக்கரம் திரும்பியிருக்கிறது. அது சரி, திரும்பினால் மட்டும் படம் விழாதே? யாராவது சிரிக்க வேண்டுமே?

பெட்டியைச் சுற்றி நின்று யார் சிரித்தது?

வேறொருவராக இருந்திருந்தால் சக்கரத்தைத் திருப்பி வைத்து, வேலையை முடித்துக்கொண்டு போயிருப்பார். இவரால் முடியுமா? விழுந்த படத்தைத் திரையில் பெரிதாக்கினார். லூசியின் முகம் கைக்குட்டைக்குள். அருண் சேவியர் குனிந்திருந்தான். ஆனி மேரியின் முகத்துக்கு நகர்த்தினார். உதடு இரண்டு பக்கமும் இழுபட்டிருந்தது. பல் தெரிந்தது. அழுகிறவள் வாயும் அப்படித்தான் இழுபடும், சிரிக்கிறவள் வாயும் அப்படித்தான். தீப்பெட்டி அகலத் திரையில் என்னத்தைக் கண்டுபிடிப்பது? ஆனால் போன வாரம் அவள் மருந்துக் கடையில் நின்றது நினைவுக்கு வந்தது. இவரைப் பார்த்ததும் பையை இடுப்புப் பக்கம் மறைத்துக்கொண்டாள். அன்றைக்கு ஏன் மறைத்தாள்? காலையில் பதில் ஏன் அவ்வளவு சீக்கிரம் வந்தது?

“இன்னா சித்தப்பா, படம் சரியா வர்லியா?” என்றாள் லூசி.

“வந்துச்சு.” அதோடு நிறுத்தியிருக்கலாம். நாக்கில் சனி. “நா அமுக்கலம்மா. அதுவா எடுத்துச்சு. இந்த மிஷினு யாராச்சும் சிரிச்சாத்தான் அதுவா எடுக்கும்.”

ஒப்பாரி நின்றது. லூசி பாய்ந்து வந்து கேமராவைப் பிடுங்கிப் பார்த்தாள். திரையில் ஆனி மேரியின் முகம் பெரிதாக நின்றுகொண்டிருந்தது.

“அடிப்பாவி! எங்கப்பன் பொணத்த வெச்சினு சிரிக்கிறியாடி?”

“நான் சிரிக்கல அண்ணி.”

“மிஷினு பொய் சொல்லுமா? பார்றா தம்பி, உம் பொண்டாட்டி பல்லப் பாரு! நேத்து நல்லா இருந்த மனுசன் இன்னிக்குக் கஞ்சியக் குடிச்சிட்டுச் சாவறாரு, இவ நின்னு சிரிக்கிறா. எனக்கு அப்பவே தெரியும்டா. பெட்டிய மூடாதீங்க! போஸ்ட்மார்ட்டம் பண்ணணும். போலீசக் கூப்புடுங்க!”

லூசியின் புருஷன் போனை எடுத்துவிட்டான். பின்வரிசையில் கிசுகிசுப்பு. இத்தனை நாள் ‘மருமகள்னா இவதான்’ என்று சொன்ன வாய்கள்தான். “ஊமக் கோட்டான் மாதிரி இருந்துக்கினு…” “யாரு கண்டா, எத்தினி நாளைக்குத்தான் அலசுவா…” ஊர்வலத்துக்கு வந்திருந்த பேண்டுக்காரர்கள் பீடியை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

இக்னேஷியஸ் பார்த்தது அருண் சேவியரை. அவன் தலையைத் தூக்கித் தன் மனைவியின் முகத்தைப் பார்த்தான். திட்டவில்லை, அடிக்கவில்லை. நீயா என்று கேட்கிற பார்வை. அதைப் பார்த்ததும் ஆனி மேரி சுவரோடு ஒதுங்கி நின்றுகொண்டாள். நான் சிரிக்கவில்லை என்று மறுபடி சொல்லவில்லை. யாரிடம் சொல்வாள்?

இக்னேஷியஸுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. போலீஸ் வந்தால் மேஸ்திரியை வண்டியில் ஏற்றுவார்கள், இவளை ஜீப்பில் ஏற்றுவார்கள். அறுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று வந்தாலும், மாமனாரைக் கொன்றவள் என்ற பேர் இவளைக் கல்லறை வரைக்கும் விடாது. எல்லாம் தான் சொன்ன ஒரு சொல்லால். ஆனால் அவள் சிரிக்கவில்லை என்று சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை. சிரித்திருந்தால்? அந்தக் கஞ்சியில் உண்மையிலேயே எதையாவது கலந்திருந்தால்? சந்தேகம் இரண்டு பக்கமும் இழுத்தது. அப்போதுதான் அவருக்கு மூன்றாவது சந்தேகம் வந்தது. ஊரில் ஒருவரையும் நம்பாத நான், கிளாட்சன் சும்மா கொடுத்த இந்த டப்பாவை மட்டும் எந்த யோக்கியதையில் நம்புகிறேன்?

“போனக் கீழ வைப்பா” என்று கத்தினார். அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. “எல்லாரும் பெட்டிய வுட்டு அந்தாண்ட போங்க. ஒரு ஆளு நிக்கக் கூடாது. லூசி, நீயும் போ. உபதேசியாரே, நீங்களுந்தான்.”

“இன்னாத்துக்கு?”

“போங்கன்றேன்ல!” என்று லூசி கையிலிருந்த கேமராவை வாங்கிக்கொண்டார்.

விலகினார்கள். சாமியானாவின் நடுவில் பெட்டியும் மேஸ்திரியும் மட்டும். கேமரா அதே பல்லு மூஞ்சியில்தான் இருந்தது. இக்னேஷியஸ் நின்ற இடத்திலேயே நின்று, பொத்தானிலிருந்து விரலை எடுத்து, எல்லாரும் பார்க்கும்படி இரண்டு கையின் நுனியால் அதைப் பிடித்துக்கொண்டார். திரையில் ஒரு கட்டம் தோன்றியது, அலைந்தது, மேஸ்திரியின் முகத்தில் போய் உட்கார்ந்தது. வெயிலில் யாரோ செருமினார்கள்.

பளிச்!

“பார்த்தீங்களா? நா அமுக்கல.” இன்னொரு முறை பிடித்தார். பளிச்! இன்னொரு முறை. பளிச்!

லூசியைக் கையைப் பிடித்து இழுத்து வந்து திரையைக் காட்டினார். “நல்லாப் பாரும்மா. யாரு சிரிக்கிறாங்க?”

காலையிலிருந்து யாரும் மேஸ்திரியின் முகத்தைச் சரியாகப் பார்த்திருக்கவில்லை. அழுகையும் மாலையுமாகவே பொழுது போயிருந்தது. இப்போது பார்த்தார்கள். தாடைக் கட்டை அவிழ்த்ததும் உதடு பின்வாங்கியிருந்தது. வற்றிப்போன வாய்க்குப் பெரிதாகிவிட்ட பல்செட்டு மேல்வரிசை கீழ்வரிசை மொத்தமும் வெளியே வந்து, பெனுவா மேஸ்திரி காது வரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தார். உயிரோடு இருந்த காலத்தில் அவர் அப்படிச் சிரித்து அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை.

பேண்டில் தவுல் அடிக்கிறவன்தான் முதலில் களுக்கென்றான். பின்வரிசையில் ஒரு கிழவி சேலையை வாயில் அடைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். அடக்க அடக்க அது பரவியது. உபதேசியார் சிலுவை போட்டுக்கொண்டே தோள் குலுங்கினார். இக்னேஷியஸ் கையிலிருந்த கேமரா அவர்கள் பக்கம் திரும்பியிருந்ததால் பளிச், பளிச், பளிச் என்று ஒவ்வொருவராக எடுத்துத் தள்ளியது. அவர் பதறிப்போய் ரப்பர் பேண்டை அறுத்து பேட்டரியைப் பிடுங்கின பிறகுதான் அடங்கியது.

லூசி சிரிக்கவில்லை. பெட்டியின்மேல் விழுந்து, “நாந்தாம்ப்பா வெச்சேன்! நாந்தாம்ப்பா அந்தப் பல்ல வெச்சேன்!” என்று ஓலமிட்டாள். பிறகு எழுந்து போய் ஆனி மேரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “மன்னிச்சிக்கடி. எனுக்குப் புத்தி கெட்டுப்போச்சு.” ஆனி மேரி தலையை மட்டும் ஆட்டினாள். பல்செட்டைக் கழற்றினார்கள், தாடையை மறுபடி கட்டினார்கள், சாமியாரும் வந்துவிட்டார். கோயில் மணி அடித்தது. மேஸ்திரி ஒழுங்காக மண்ணுக்குள் போனார்.

கல்லறையிலிருந்து திரும்பி, வாசலில் கைகால் கழுவுகிற இடத்தில் ஆனி மேரி தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். இக்னேஷியஸ் கடைசியாக நின்றார். தானே கிளப்பிவிட்டதைத் தானே அணைத்தும் விட்டோம் என்று அவருக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இவள் ஒரு வார்த்தை நன்றி சொல்லுவாள் என்று எதிர்பார்த்தார்.

“சின்ன மாமா” என்றாள் அவள் குரலைத் தாழ்த்தி. “நான் சிரிச்சேன்.”

செம்புத் தண்ணீர் அவர் காலில் கொட்டியது.

“அது மாமாவுக்குச் சேரவே சேராது. எங்க ஒளிச்சாலும் அண்ணி தேடிப் போட்டுவுட்ருவாங்க, அவங்க போனதும் துப்பிட்டுத் திட்டுவாரு. என்னாண்டதான் குடுத்து ஒளிக்கச் சொல்லுவாரு. இன்னிக்குக் கட்ட அவுத்ததும் அது வெளிய வந்துச்சு பாருங்க, இதோ எழுந்து அண்ணியத் திட்டப் போறாருன்னு ஒரு நிமிசம் நெனச்சிட்டேன். சிரிச்சிட்டேன். அப்புறந்தான் இனிமே திட்ட மாட்டாருன்னு…” அவள் முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். “மொதல் படம் என்னப் பார்த்து எடுத்துச்சோ, மாமாவப் பார்த்து எடுத்துச்சோ, எனக்குத் தெரியாது.”

“மருந்துக் கடையில…” என்று இழுத்தார் அவர். அந்த நேரத்திலும் அவரால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“அவருக்குக் கட்டுற டயப்பரு. ஆம்பளைங்க முன்னாடி எப்பிடிக் காட்டுறது?”

அவர் குனிந்து காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். “யாராண்டயும் சொல்லாதம்மா” என்றார். “அந்தப் படத்த நான் அழிச்சிர்றேன்.”

“அழிக்காதீங்க. அதத்தான் பிரேம் போட்டுக் குடுங்க.” அவள் அவரை நேராகப் பார்த்தாள். “மாமாவும் நானும் ஒண்ணா நின்ன படம் இந்த வூட்டுல வேற எதுவும் இல்ல.”

முப்பதாம் நாள் பூசைக்கு வழக்கம்போல அவர் பிரேமைக் கொண்டுபோய்க் கொடுத்தார். வேறு நல்ல படமும் இருந்தது, பல்செட்டைக் கழற்றின பிறகு எடுத்தது. அதைப் பெரிதாகவும் ஆனி மேரி கேட்டதைச் சிறிதாகவும் போட்டிருந்தார். பெரியதைச் சுவரில் மாட்டினார்கள். சிறியதை லூசி கையில் எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனாள். ரொம்ப நேரம் பார்த்தாள். காகிதத்தில் முகம் திரையைவிடப் பெரிதாக, தெளிவாக இருந்தது. ஆனி மேரி காபித் தட்டோடு அடுப்படி வாசலில் நின்றுவிட்டாள். அருண் சேவியரும் நிமிர்ந்து பார்த்தான்.

“சித்தப்பா” என்றாள் லூசி. குரலில் அந்தப் பழைய முள் இன்னும் போகவில்லை. “நெசத்தச் சொல்லு. இதுல இவ அழுவறாளா, சிரிக்கிறாளா?”

வாழ்நாளெல்லாம் கண்டதைக் கேட்டு, கேட்டதைத் துருவி, மனதில் பட்டதை அடக்கத் தெரியாமல் போட்டு உடைத்தவர் அவர். பொய் சொல்லிப் பழக்கமில்லை.

“அழுவுதும்மா. நான் பக்கத்துல நின்னு பார்த்தேன்.”

லூசி இன்னொரு முறை படத்தைப் பார்த்தாள். பிறகு அதை ஆனி மேரியின் கையிலேயே கொடுத்துவிட்டுக் காபியை எடுத்துக்கொண்டாள்.

“நீயே சொல்ட்டா சரிதான் சித்தப்பா” என்றாள். “ஊருல ஒருத்தரயும் நம்பாத ஆளாச்சே நீ.”